இணையம் மெதுவானால் எப்போது அழைப்பது: அல்சூர் வீட்டில் எழுதி வைத்த குறிப்புகள்

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்புறமுள்ள சந்து ஒன்றில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் மனைவி வாரத்தில் ஐந்து நாள் மாலை ஏழு மணிக்கு, வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். மே மாதத்தில் ஒரு முறையும் செப்டம்பரில் ஒரு முறையும் இந்த வகுப்பு நாள்கணக்கில் தடுமாறியது. இரண்டு முறையும் நான் இணைய நிறுவனத்தைத் தவறான நேரத்தில்தான் அழைத்தேன். முதல் முறை, அழைக்கவே தேவையில்லாதபோது அவசரப்பட்டு அழைத்தேன். இரண்டாம் முறை, அன்றைக்கே அழைத்திருக்க வேண்டிய பழுதை மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். இடையில் எடுத்த அளவுகளை நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததால், நடந்ததை வரிசை மாறாமல் எழுத முடிகிறது.

எங்கள் திட்டத்தில் பதிவிறக்கம் நொடிக்கு 200 மெகாபிட், பதிவேற்றம் 50 மெகாபிட். காணொளி வகுப்பு ஒன்றுக்கு மூன்று நான்கு மெகாபிட் இருந்தாலே போதும் என்பதால், 200 வாங்கும் வீட்டில் வகுப்பு உறைந்து நிற்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. "ஏங்க, இன்னைக்கும் பிள்ளைங்க முகமெல்லாம் அப்படியே நின்னுபோச்சு" என்று மனைவி சொன்ன மூன்றாம் நாள் இரவே நிறுவனத்தை அழைத்தேன். "இணையம் மிகவும் மெதுவாக இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறுமுனையில் இருந்தவர் இணையப் பெட்டியை அணைத்து முப்பது நொடி கழித்துப் போடச் சொன்னார். அதை நான் அன்றைக்கே நான்கு முறை செய்திருந்தேன். புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியில் வந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்த லைன்மேன் கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர். வீட்டை அவர் சுற்றிப் பார்க்கவில்லை. வாசல் கதவருகே, செருப்பு அலமாரிக்கு மேல் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து எங்கள் கேபிள்களைக் கழற்றி, தன் பையிலிருந்து ஒரு மீட்டர் நீள மஞ்சள் கேபிளை எடுத்துத் தன் மடிக்கணினியை நேரடியாகப் பெட்டியில் செருகினார். 198 காட்டியது. பிறகு, பெட்டிக்குள் வரும் பச்சை முனை கொண்ட ஃபைபரை, அதாவது இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் கண்ணாடி இழையை, கழற்றி ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் செருகிப் பார்த்து, "மைனஸ் இருபத்தொண்ணு புள்ளி எட்டு. நல்லா இருக்கு சார்" என்றார். அந்த எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதவும் செய்தார். "லைன்ல ஒண்ணும் இல்ல சார், உங்க வைஃபைதான். ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க." நான் சொன்னேன், புகார் முடிக்கப்பட்டது. அன்று மாலை ஏழேகாலுக்கு வகுப்பு மறுபடியும் உறைந்தது.

கோபம் தணிந்த பிறகுதான் அவர் செய்ததன் பொருள் விளங்கியது. தம் நிறுவனத்தின் பொறுப்பு முடியும் இடத்தில் நின்று, எங்கள் வீட்டின் சுவர், கேபிள், கைப்பேசி எதுவும் குறுக்கே வராதபடி அளந்திருக்கிறார். அந்த அளவு சரியாக இருந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாக் குறையும் நம்முடையது. நான் அழைப்பதற்கு முன்பே அதே சோதனையை ஐந்து நிமிடத்தில் செய்து பார்த்திருக்கலாம். தேவையானவை ஒரு மடிக்கணினியும் ஒரு நல்ல கேபிளும் மட்டுமே.

அன்றிரவு வீட்டுக்குள் இருப்பதை அளக்கத் தொடங்கினேன். பெட்டியின் அருகே நின்று கைப்பேசியில் பார்த்தால் 180. கூடத்தின் நடுவில் 120. மனைவி வகுப்பெடுக்கும் பின்னறையில் 14, சில நேரம் 6. வழியில் இரண்டு சுவர்கள். இரண்டும் இக்காலத்து மெல்லிய சுவர்கள் அல்ல, முக்கால் முழ அகலத்துக்குக் கட்டியவை. இரண்டாவது சுவரை ஒட்டி, அறைக்குள் நுழையும் அலையை முகத்துக்கு நேரே மறித்தபடி, என் மாமியார் சீராகத் தந்த எஃகு பீரோ நிற்கிறது. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதிலேயே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். எங்கள் பின்னறையிலிருந்து 23 வீடுகளின் வைஃபை பெயர்கள் தெரிந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே; அந்த 23 வீடுகளும் இந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான் தடத்தை 11-லிருந்து 1-க்கு மாற்றியதில் 14 என்பது 22 ஆனது. பீரோவை நகர்த்தும் யோசனைக்கு வீட்டில் ஆதரவு கிடைக்கவில்லை.

எனவே பின்னறைக்குக் கேபிள் இழுப்பதென்று முடிவு செய்தேன். இழுக்கவே தேவையில்லாமல், முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற சாம்பல் நிற லேன் கேபிள் ஒன்று கூடத்திலிருந்து பின்னறை வரை சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையை மடிக்கணினியிலும் செருகி, வைஃபையை அணைத்து அளந்தேன். 94. மறுபடியும் 94. காலையில் 94, நள்ளிரவில் 94.

இந்த அசையாத எண்தான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. இணைய நிறுவனத்தின் பக்கம் நெரிசல் இருந்தால் அளவு ஏறி இறங்கும். வைஃபை தொல்லை என்றால் இன்னும் தாறுமாறாக இருக்கும். எப்போது பார்த்தாலும் 94, 95 என்று ஒரே இடத்தில் நிற்கிறதென்றால், வழியில் எங்கோ ஒரு இணைப்பு 100 மெகாபிட்டில் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தலைப்புத் தகவல்களுக்குப் போவது போக அந்த நூறில் கையில் கிடைப்பது அவ்வளவுதான். மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்றே காட்டியது. ஆயிரம் என்று காட்டியிருக்க வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகள் போதும்; அதற்கு மேலே கிகாபிட்டுக்குப் போக நீலமும் பழுப்பும் சேர்ந்து எட்டுக் கம்பிகளும் வேண்டும். கண்ணாடி போன்ற அந்தப் பிளக்கை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நான்கு கம்பிகள் மட்டுமே பித்தளைப் பற்கள் வரை வந்திருந்தன. நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே நறுக்கப்பட்டு, கருவேப்பிலைக் காம்பு போல நுனி மட்டும் தெரிந்தன. எந்தக் காலத்திலோ 50 மெகாபிட் இணைப்புக்காக யாரோ ஒருவர் நான்கு கம்பிகளோடு வேலையை முடித்திருக்கிறார். அன்றைக்கு அது தவறும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோடுக்குப் போய், முனை பொருத்தியே விற்கும் கேட் 6 கேபிள் பதினைந்து மீட்டர் வாங்கி வந்தேன். கிரிம்பிங் கருவி வாங்கி நானே முனை போடலாம் என்ற ஆசை கடைவாசலில் இருந்தது. வாழ்நாளில் இரண்டு முறை தேவைப்படும் வேலைக்குக் கருவி எதற்கு என்று கடைக்காரரே தடுத்துவிட்டார். புதிய கேபிளில் பின்னறை மடிக்கணினி 196 காட்டியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் வகுப்பு ஒரு நாளும் தடுமாறவில்லை.

மேல்வீட்டு இளைஞர் ஒருநாள், "நூறு மெகாபிட்டுக்குப் பணம் கட்டுறேன், பன்னிரண்டுதான் வருது, கம்ப்ளெயின்ட் கொடுக்கப்போறேன்" என்று கொதித்துக்கொண்டு வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கோப்பு இறங்கும் வேகம். அது மெகாபைட்டில் காட்டப்படும். எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு மறுபடியும் நின்று நின்று போகத் தொடங்கியது. இந்த முறை நான் அழைக்கவில்லை. மே மாதத்தில் லைன்மேன் முன்னால் அசடு வழிந்தது மனத்தில் இருந்தது. இதுவும் வீட்டுக்குள்தான் இருக்கும், நாமே கண்டுபிடிப்போம் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

முதலில் கண்டுபிடித்தது என் வீம்பை இன்னும் வளர்த்தது. பிங் என்னும் சிறு கட்டளையை மடிக்கணினியில் இரண்டு சாளரங்களில் ஓடவிட்டேன்: ஒன்று வீட்டுப் பெட்டியின் முகவரியான 192.168.1.1-க்கு, மற்றொன்று வெளியே கூகுளின் 8.8.8.8-க்கு. ஒரு சிறு பொட்டலம் போய்த் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதை அது சொல்லும். வீட்டுப் பெட்டிக்கான பதிலே தள்ளாடினால் வைஃபையோ கேபிளோ காரணம். பெட்டி ஒழுங்காகப் பதில் சொல்ல, வெளியிலிருந்து வரும் பதில் மட்டும் தள்ளாடினால் பெட்டிக்கு அப்பால்தான் கோளாறு. எனக்குப் பெட்டி 1 மில்லிசெகண்டிலும், கூகுள் வழக்கமாக 10 மில்லிசெகண்டிலும் பதில் தரும். அன்று மாலை பெட்டி அதே 1. கூகுள் 280, 340, 310. சந்தேகமே இல்லை, நிறுவனத்தின் குறைதான் என்று தொலைபேசியை எடுத்தேன். எடுத்தவன், எதற்கும் என்று பெட்டியின் பக்கத்தைத் திறந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். என் கைப்பேசி பதிவேற்றத்தில் 48 மெகாபிட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. முந்தைய நாள்தான் வேலூரில் உறவினர் திருமணத்துக்குப் போய் எழுநூறு படங்களும் முப்பது காணொளிகளும் எடுத்து வந்திருந்தேன். அவை வைஃபையைக் கண்டதும் மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருந்தன. பதிவேற்றப் பாதை நிரம்பினால் பெட்டியின் வாசலில் வரிசை நீளும். மனைவியின் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். அப்போது எடுக்கும் அளவு நிறுவனத்தின் பழுதைப் போலவே தோன்றும். கைப்பேசியின் வைஃபையை அணைத்ததும் கூகுள் 10-க்கு இறங்கியது.

தொலைபேசியைக் கீழே வைத்தபோது பெரிய சமர்த்தனாக உணர்ந்தேன். மறுநாள், கைப்பேசிகள் எல்லாம் அணைத்திருந்தும் வகுப்பு நின்றது. அடுத்த பத்து நாள் நான் செய்தவற்றை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை: கேபிளை மாற்றினேன், மடிக்கணினியை மாற்றினேன், பெயர் தேடும் டி.என்.எஸ். முகவரியை மாற்றினேன், பெட்டியைச் செருப்பு அலமாரியிலிருந்து சுவர் ஆணிக்கு மாற்றினேன். பெட்டியின் பின்னாலிருக்கும் ஊசித்துளைப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அது மறுதொடக்கம் அல்ல, நிறுவனம் ஏற்றி வைத்த பயனர் பெயர் முதலான எல்லா அமைப்பையும் துடைத்துவிடும். அதை அழுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருந்த இணைப்பையும் இழந்து இரண்டு நாள் தவித்த நண்பர் எனக்குண்டு.

கடைசியில் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பட்டியல் போட்டேன். பெட்டியில் நேரடியாக ஒரு கேபிள், ஒரு மடிக்கணினி, வீட்டில் வேறு எந்தக் கருவியும் இணையாமல் வைஃபை முழுதும் அணைப்பு. இந்த நிலையில் மூன்று வேளையும் அளப்பது. வேகச் சோதனையையும் ஒரே இடத்தில் நம்பவில்லை. பொதுவான வேகச் சோதனைகள் பெரும்பாலும் மிக அருகிலுள்ள வழங்கியை (சர்வரை) தேர்ந்துகொள்ளும். சில நேரம் அது நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் சோதனை அவர்களுடைய வழங்கிகளிலிருந்து அளப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு எண்ணும் தேவைப்பட்டது: பெட்டிக்குள் வந்து விழும் ஒளியின் அளவு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைக் கொண்டு 192.168.1.1-க்குள் நுழைந்தால், ஆப்டிகல் பவர் என்ற பகுதியில் அது இருக்கும். சில நிறுவனங்கள் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைக்கின்றன, எங்களுடையது திறந்திருந்தது. அந்தத் தாளில் இருக்கும் வரிகள் இவை:

செவ்வாய், காலை 7, வெயில்: 191, இழப்பு இல்லை, ஒளி −26.1
செவ்வாய், பகல் 2, மேகம்: 188, இழப்பு இல்லை, ஒளி −26.4
செவ்வாய், இரவு 7.20, மழை: 31, நூறு பிங்கில் 9 வரவில்லை, ஒளி −28.3
புதன், காலை 7, ஈரம்: 140, நூறில் 2 வரவில்லை, ஒளி −27.2
புதன், இரவு 7.10, காற்றும் மழையும்: 12, நூறில் 17 வரவில்லை, ஒளி −28.9

பெட்டியின் பக்கவாட்டில் மங்கிப்போயிருந்த பென்சில் எழுத்து அப்போதுதான் கண்ணில் பட்டது: −21.8.

இந்த அளவு டி.பி.எம். என்னும் அலகில் சொல்லப்படுகிறது. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 20 என்றால் அதில் நூறில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூன்று எண் இறங்கும்போதும் ஒளி பாதியாகும். மே மாதத்தின் 21.8-க்கும் மழை நாளின் 28.3-க்கும் இடையே ஆறரை எண் வித்தியாசம். அதாவது, பெட்டிக்கு வந்து சேரும் ஒளி பழைய அளவில் கால் பங்குக்கும் கீழே போயிருக்கிறது. வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் பரவலாக இருக்கும் பெட்டிகள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரைதான் ஒழுங்காகப் படிக்கும் என்பது அவற்றுக்கான தர அளவு. அதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பு முழுதாக அறுந்தாலும் அறும். இல்லாவிட்டால், பிழைகள் மலிந்து, தொலைந்த பொட்டலங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதிலேயே வேகம் கரைந்துபோகும். எங்களுக்கு நடந்தது இரண்டாவது. விளக்குகள் எல்லாம் பச்சையாகவே இருந்ததால்தான் நான் மூன்று வாரம் ஏமாந்தேன்.

எப்போது அழைப்பது என்று இப்போது எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே அழைப்பேன். அது ஃபைபருக்குள் ஒளியே வரவில்லை என்பதன் அடையாளம், வீட்டுக்குள் செய்யத்தக்கது ஃபைபர் முனை கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. ஒளி அளவு மைனஸ் 27-ஐத் தாண்டினாலும், அல்லது எழுதி வைத்த பழைய அளவிலிருந்து மூன்று எண்ணுக்கு மேல் இறங்கியிருந்தாலும், வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலே அழைப்பேன். அடுத்த மழைக்கு அது நிச்சயம் படுக்கும். விளக்கும் ஒளியும் சரியாக இருந்து வேகம் மட்டும் குறைந்தால், மேலே சொன்ன தனிக் கேபிள் சோதனையை இரண்டு நாளில் ஐந்தாறு முறை செய்வேன். வாங்கிய வேகத்தில் 80 விழுக்காட்டுக்கும் கீழே தொடர்ந்து வந்தால் அழைப்பேன். இந்த 80 நான் இட்டுக்கட்டியது அல்ல. 2006-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த அகலப்பட்டைத் தர விதிகளில், நிறுவனத்தின் முனையிலிருந்து பயனர் வரையிலான பதிவிறக்க வேகத்துக்கு அந்த எல்லைதான் இருந்தது. 2024 அக்டோபரில் புதிய தர விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. என் வீட்டுக் கணக்குக்குப் பழைய 80 வசதியாக இருப்பதால் அதையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அழைக்காமல் விடுவதற்கும் கணக்கு உண்டு. ஒரே ஒரு தளமோ செயலியோ மட்டும் மெதுவானால் அழைப்பதில்லை. வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்து கேபிளில் சரியாக இருந்தால் அழைப்பதில்லை. மாதக் கடைசியில் திடீரென்று எல்லா நேரமும் ஒரே அளவில் இழுத்தால், மாதாந்திர டேட்டா அளவு தீர்ந்துவிட்டதா என்று கணக்குப் பக்கத்தைப் பார்ப்பேன். மின்சாரம் போய் வந்த அரைமணிக்குள்ளும் அழைப்பதில்லை. மாலை எட்டு மணி முதல் பதினொன்று வரை மட்டும் மெதுவாகி, ஒளி அளவு அசையாமல் இருந்தால், அது தெரு முழுதும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வரும் நெரிசல். அதற்கும் அழைக்கலாம், ஆனால், காலை பதினொரு மணிக்கு லைன்மேன் வந்தால் அவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால், நேரங்களைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

புதன்கிழமை இரவே அழைத்தேன். பெட்டியை அணைத்துப் போடச் சொல்வதற்கு முன்பே, "வேகத்தைப் பற்றிய புகார் அல்ல, ஒளி அளவு மே மாதம் மைனஸ் 21.8 இருந்தது, இப்போது மைனஸ் 28.9, மழை பெய்தால் இறங்குகிறது, பொட்டலம் 17 விழுக்காடு தொலைகிறது" என்று தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். மறுமுனையில் இரண்டு நொடி மௌனம். "ஒந்து நிமிஷ" என்று காத்திருக்க வைத்துவிட்டு, அவர் பக்கமிருந்தும் அளவைப் பார்த்துவிட்டு வந்தார். அணைத்துப் போடும் பேச்சே எழவில்லை. புகார் எண் வந்தது. அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம்: டிராயின் 2012-ஆம் ஆண்டுப் புகார் விதிகளின்படி, அதைக் காட்டித்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும், அங்கே 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பது தெரியாமல் அங்கே மனு எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு அதே கிருஷ்ணகிரி இளைஞர் வந்தார். பெட்டியருகே மீட்டர் வைத்தார்: −27.6. கீழே இறங்கித் தெருக் கம்பத்துப் பெட்டியில் வைத்தார்: −20.3. ஆகவே கம்பத்துக்கும் எங்கள் சன்னலுக்கும் இடையே ஏழு எண்ணுக்கு மேல் ஒளி கசிகிறது. அந்த இடைவெளியில்தான், ஜூலையில் தெருவின் தூங்குமூஞ்சி மரத்துக் கிளையை வெட்டியபோது அறுந்த ஃபைபரை யாரோ ஒட்டுப்போட்டுச் சன்னல் சன்ஷேடின் மேல் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்த வேலை. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அவர் பையைப் பிரித்தபோது உள்ளே ஒரு கரண்டி மழைநீர் இருந்தது. பெட்டிப் பக்கத்து முனையில் பேனா போன்ற ஒரு கருவியைச் செருகிச் சிவப்பு ஒளியை உள்ளே விட்டார். ஃபைபரில் நிறுவனம் அனுப்பும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது; அதற்காகவே முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, இந்தச் சிவப்பு ஒளி தேடுவதற்கு மட்டும் என்றார். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு நான்கு விரற்கடை தள்ளி, உறை உரித்த தலைமுடி அகல இழையை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டியிருந்த இடத்தில், ஊதுபத்திக் கங்கு போல ஒரு சிவப்புப் புள்ளி கனன்றது. "இங்கதான் சார் லாஸ். இவ்வளவு டைட்டா மடிச்சா ஒளி திரும்பாது, வெளிய போயிடும். பையில தண்ணி நின்னு, காத்துல ஆடி, இன்னும் இறுகியிருக்கு" என்றார். கட்டை அவிழ்த்துச் சுருளைத் தளர்த்தியபோது அந்தப் புள்ளி என் கண்முன்னே மங்கி அணைந்தது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. பழைய ஒட்டை வெட்டியெறிந்துவிட்டு, ஸ்ப்ளைசிங் மெஷினைச் சன்னல் திட்டில் வைத்துப் புதிதாக ஒட்டினார். மெஷினின் சிறு திரையில் இரண்டு கண்ணாடி நுனிகள் நேருக்கு நேர் வந்து நின்று ஒரு பொறியில் ஒன்றானதைப் பார்க்க மனைவியும் வந்து நின்றார். ஒட்டை முறையான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அகலச் சுருளாக வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி சன்ஷேடின் அடியில் அறைந்தார். பெட்டியில் −20.9 வந்தது. பென்சிலை வாங்கிப் பழைய எண்ணை அடித்துவிட்டு, இதைத் தேதியோடு நானே எழுதினேன்.

"ஓ.டி.பி. வந்திருக்கும் சார்" என்றார். மணி ஆறே முக்கால். ஏழு மணிக்கு வகுப்பு இருக்கிறது, இருந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். ஏழு இருபது வரை பின்னறையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆத்திசூடி ஒப்பிக்கும் குரல் அறுபடாமல் கேட்டது. பிறகு எண்ணைச் சொன்னேன்.